ஸ்காட்லாந்து தாத்தா - புதுப்பிப்பு

போன மாசம் எழுதியிருந்தேன்ல, எங்க பாட்டியோட தாத்தா ஸ்காட்லாந்துல இருந்து ஊட்டி பக்கம் எஸ்டேட் வேலைக்கு வந்தவர், அவர் பிறப்பு எங்கயுமே பதிவாகலன்னு. கல்யாணப் பதிவுல அவர் அப்பா பேர் மட்டும்தான் இருந்துச்சு, அம்மா பேர் இல்ல.

இப்ப கிடைச்சிடுச்சு!

ஒருத்தர் கேட்டிருந்தாரு, 'ஃப்ரீ சர்ச் பதிவு பாத்தீங்களா'ன்னு. 1843ல ஸ்காட்லாந்து சர்ச் ரெண்டா உடைஞ்சதுல, வெளியேறினவங்க ஆரம்பிச்சதுதான் ஃப்ரீ சர்ச், அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்க ஞானஸ்நானம் நிறைய பழைய சர்ச் ரிஜிஸ்டர்ல வரவே இல்ல. நான் அந்தப் பழைய ரிஜிஸ்டர்லயே தேடிட்டு இருந்திருக்கேன். ஸ்காட்லாந்தோட பழைய பதிவுகள தேடுற ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் சைட்ல மத்த சர்ச்சுங்கன்னு தனியா இருக்கு, அங்க 1846 பதிவுல இருந்தாரு, அவர் குடும்பப் பேர 'மேக்'னு தொடங்காம 'மிக்'னு எழுதியிருக்காங்க.

இவர்தானான்னு உறுதி பண்ணினது அவர் தம்பியோட பிறப்புச் சான்றிதழ். அங்க அரசாங்கப் பதிவு 1855 ஜனவரி 1ல தொடங்குச்சு, அந்த முதல் வருஷத்துல மட்டும் அப்பா அம்மா வயசு, பிறந்த ஊர், கல்யாணம் எப்போ எங்க, மூத்த பிள்ளைங்க எத்தன பேர்னு எல்லாமே கேட்டிருக்காங்க, எழுதுறவங்களுக்கு வேலை அதிகம்னு அடுத்த வருஷமே குறைச்சிட்டாங்க. தம்பி சரியா அந்த வருஷம் பொறந்திருக்கான். சாய்ஞ்ச கையெழுத்துல 'பையன் மூணு உயிரோட, பொண்ணு ஒண்ணு இறந்தது'ன்னு ஒரு வரி. அந்தக் குழந்தைய பத்தி எங்க வீட்டுல யாருக்குமே தெரியாது. அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல.

அடுத்து 1851 சென்சஸ்ல அந்த வீட்ட தேடணும்.