"ஒண்ணும் ஆகாது அம்மிணி"ன்னு இப்ப வாயில வரமாட்டேங்குது

வணக்கமுங்க. ஆம்புலன்ஸ்ல இ.எம்.டி.யா, அதாவது பேஷன்ட்கூடப் பின்னால இருந்து முதலுதவி பார்க்கற ஆளா, ஒன்பது வருசம். பல்லடம், தாராபுரம் ரோடுதான் நமக்கு.

போன ஐப்பசியில ஒரு ராத்திரி. மில்லுல ஷிப்ட் முடிச்சு எக்ஸ்எல்-ல வந்த பொண்ணை டெம்போ ஒண்ணு பின்னால தட்டிட்டு நிக்காமப் போயிருச்சு. நாங்க போறப்ப நல்லாப் பேசுச்சு. வெளிய ரத்தம் பெருசா இல்லை. ஆனா வயிறு கல்லாட்டம் இறுகிக் கெடந்துச்சு, நாடி 130க்கு மேல. உள்ள ரத்தம் போகுதுன்னு தெரிஞ்சுபோச்சு. காலர் போட்டு, போர்டுல ஏத்தி, ஆக்சிஜன் வெச்சு, ஐ.வி. போட்டேன்.

"அண்ணா, பொழச்சுக்குவனுங்களா? பாப்பா தூங்காம இருக்கும்."

"ஒண்ணும் ஆகாது அம்மிணி"ன்னேன். தெனமும் சொல்ற வார்த்தைதான்.

ஜி.எச். வரதுக்கு நாலு கிலோமீட்டர் இருக்கறப்ப நாடி நின்னுபோச்சு. ஓடற வண்டியில ஒரு காலை ஊணிக்கிட்டு, நிமிசத்துக்கு நூறுக்கு மேல நெஞ்சை அமுக்கிட்டே போனேன். அமுக்க அமுக்க, அதோட முடியில ஒட்டியிருந்த மில்லுப் பஞ்சு ஆடிக்கிட்டே இருந்துச்சு. நான் அதையேதான் பார்த்துட்டு இருந்தேன். காப்பாத்த முடியலைங்க.

வண்டியைக் கழுவி முடிக்கறதுக்குள்ள அடுத்த கேஸ், பிரசவ வலி. போனோம்.

என் சம்சாரம் பனியன் கம்பெனியில செக்கிங். சாயங்காலம் வந்தா தலையில நூல் பிசிறு ஒட்டியிருக்கும். ஒருநாள் அதைப் பார்த்ததும் கை நடுங்கி காப்பி டம்ளரைக் கீழ போட்டுட்டேன். அப்புறம் அது வர்ற நேரத்துக்கு நான் வெளிய கெளம்பிருவேன். தூக்கம் போச்சு. பேஷன்ட்கிட்ட பேசறதையே விட்டுட்டேன். பி.பி. பார்ப்பேன், செய்ய வேண்டியதைச் செய்வேன், அவ்வளவுதான்.

கண்டுபிடிச்சது வண்டி ஓட்டற பைலட் அண்ணன். "ஏனுங் தம்பி, முன்னயெல்லாம் கெழவிகளைக்கூடச் சிரிக்க வெச்சுட்டு வருவீங்க. இப்ப பின்னாடி சத்தமே இல்லையே?" அவர்தான் 14416க்குப் போட்டுக் குடுத்தார். டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல உதவி நம்பர், 2022ல வந்தது. ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். அப்புறம் ஜி.எச். மனநல ஓ.பி.

டாக்டரம்மா பொறுமையாக் கேட்டாங்க. பார்த்தது திரும்பத் திரும்பக் கண்ணுக்குள்ள வர்றது, அதை நெனப்பூட்டற எதைக் கண்டாலும் ஒதுங்கிப் போறது, தூக்கம் கெடறது, சின்னச் சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடறது, இதெல்லாம் ஒரு மாசம் தாண்டியும் நின்னா அது வைத்தியம் பண்ண வேண்டிய நோய், தைரியமில்லாத்தனம் இல்லைன்னாங்க. குடிச்சா அடங்காது, கூடத்தான் செய்யும்னாங்க. ஷிப்ட் முடிஞ்சதும் நேரா டாஸ்மாக் போற நம்ம பசங்களுக்காகத்தான் இதை எழுதறேன். கேஸ் முடிஞ்சா சிலிண்டர்ல ஆக்சிஜன் இருக்கான்னு கேக்கறாங்க. வண்டிக்குள்ள இருந்த ஆளைக் கேக்கறதில்லை. எனக்கு இது ரொம்ப வலிக்குதுங்க.

எட்டுத் தடவை போயிட்டு வந்தேன். இப்ப தூக்கம் வருது. அந்த ஒரு வார்த்தை மட்டும் வரமாட்டேங்குது.

பதிவுக்கு வந்த பதில்கள்:

அவிநாசி பைலட்: 2020 பிப்ரவரி 20, கேரளா பஸ்ஸும் கண்டெய்னர் லாரியும் மோதுன விடியக்காலம் நானும் அங்க இருந்தேனுங்க. 19 பேரு செத்துப்போனாங்க. இன்னைக்கும் அந்த எடம் வந்தா ஆக்ஸிலேட்டர்ல இருந்து கால் தானா எந்திரிச்சுக்கும். வீட்டுல கூடச் சொன்னதில்லை. நம்பரைக் குறிச்சுக்கிட்டேன்.

ஈரோடு நர்ஸக்கா: தம்பி, இருபது வருசமா கேஷுவாலிட்டியில இருக்கறேன். நானும் ஒருதடவை அப்படிச் சொல்லி, நடக்காமப் போச்சு. அதுல இருந்து "நான் பக்கத்துலயேதான் இருக்கறேன் கண்ணு"ன்னு மட்டும் சொல்லுவேன். அது நம்ம கையில இருக்கறதுங்க.

பதிவு எழுதினவர்: அக்கா, நேத்து ராத்திரி காங்கயம் பக்கம் நெஞ்சு வலின்னு ஒரு அப்பாரு. நீங்க சொன்னதைச் சொல்லிப் பார்த்தேனுங்க. ஜி.எச். வாசல் வரைக்கும் கையை விடலை.