1957-ல் 4,90,000 லிரா என்றால் உண்மையில் எவ்வளவு? பழைய இத்தாலிய லிராவைக் கணக்கிடுவது எப்படி?

ஏடுபுரட்டி கேட்டது:
1957 ஜூலையில் ஃபியட் 500 கார் வெளிவந்தபோது விலை 4,90,000 லிரா. யூரோவுக்கு மாறியபோது நிர்ணயித்த 1,936.27-ஆல் வகுத்தால் 253 யூரோதான் வருகிறது. ஒரு காருக்கு 253 யூரோவா? மொழிபெயர்ப்பில் அடிக்குறிப்பு போட வேண்டும். 1936 முதல் 1984 வரை இதுபோல நிறையத் தொகைகள் வருகின்றன. எப்படிக் கணக்கிடலாம்? அன்றைய டாலர் மதிப்பு வழியாக ரூபாய்க்குக் கொண்டுவரலாமா?

குறியீட்டெண்:
நீங்கள் பாதிக் கணக்கோடு நின்றுவிட்டீர்கள். 1,936.27 என்பது 1999 ஜனவரி 1 முதல் அமலான மாற்று விகிதம். 1957-க்குப் பிறகு ஏறிய விலைவாசி அதில் இல்லை.

இத்தாலியப் புள்ளிவிவர நிறுவனமான இஸ்தாத் 1861 தொடங்கி ஆண்டுவாரியாகக் குணகங்கள், அதாவது பழைய தொகையைப் பிந்தைய விலைமட்டத்துக்குக் கொண்டுவரும் பெருக்கு எண்கள், தருகிறது. தொகையை அந்தக் குணகத்தால் பெருக்குங்கள், பிறகு 1,936.27-ஆல் வகுங்கள். 1957-லிருந்து 2015-க்குக் குணகம் சுமார் 27.4. ஆக உங்கள் 253 யூரோ ஏறக்குறைய 6,900 யூரோ ஆகிறது. சில வலைக் கருவிகள் லிராவை வாங்கிக்கொண்டு விடையை யூரோவிலேயே தந்துவிடும். அதை மறுபடி வகுத்தால் கார் மூன்றரை யூரோவுக்கு வந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு முக்கியம். "எழுபதுகளில் ஆயிரம் லிரா" என்று பொதுவாகச் சொல்வதில் அர்த்தமே இல்லை. 2015 விலைமட்டத்தில் ஆயிரம் லிராவின் மதிப்பு தோராயமாக இப்படி: 1957-ல் 14 யூரோ, 1970-ல் 9, 1980-ல் 2.40, 1984-ல் 1.40. 1972-க்கும் 1984-க்கும் இடையில் மட்டும் விலைகள் ஆறு மடங்கை நெருங்கின. 1980-ன் பணவீக்கம் 21 சதவீதம். அந்த ஆண்டு ஜனவரித் தொகையும் டிசம்பர்த் தொகையும் ஒன்றல்ல என்பதால், 1974 முதல் 1983 வரை மாதம் தெரிந்தால் மாத விலைக் குறியீட்டையே எடுங்கள்.

விலைக் குறியீடும் ஒன்றல்ல: தொழிலாளர், அலுவலர் குடும்பங்களுக்கு ஒரு குறியீடு, மொத்த மக்களுக்கு இன்னொன்று. வாடகை, ஜீவனாம்சம் திருத்தமெல்லாம் முதலாவதை வைத்துத்தான். எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே பின்பற்றுங்கள்.

சம்பளப்பட்டியல்:
மேலே சொன்னது சரி, ஆனால் 6,900 யூரோ என்று மட்டும் போட்டால் வாசகர் "அட, மலிவாச்சே" என்பார். 1957-ல் ஒரு ஆலைத் தொழிலாளிக்கு அது ஓராண்டுச் சம்பளத்தையும் தாண்டும். விலைக் குறியீடு சொல்வது அந்தப் பணத்துக்கு இன்று எவ்வளவு சாமான் வரும் என்பதை. சம்பாதிக்க எத்தனை மாதம் உழைக்க வேண்டும் என்பதை அது சொல்லாது. கார், வீடு, ஃப்ரிட்ஜ் போன்ற பெரிய செலவுக்கு எனக்குச் சம்பளக் கணக்குதான் நம்பகமானது. சில்லறைச் செலவுக்குக் குறியீடு போதும்.

சில்லறைக்கு இன்னொரு நல்ல அளவுகோல், பொதுத் தொலைபேசியில் போடும் ஜெத்தோனே வில்லை. அதே உலோக வில்லை 1959-ல் 30 லிரா, 1964-ல் 45, 1972-ல் 50, 1980-ல் 100, 1984-லிருந்து 200. கடைகளில் நாணயம்போலவே கைமாறியது. 1970களின் நடுவில் சில்லறைத் தட்டுப்பாடு வந்தபோது வங்கிகள் 50, 100 லிராவுக்கெல்லாம் குட்டிக் காசோலை அச்சிட்டன. மூலத்தில் மீதிச் சில்லறைக்கு வில்லையோ மிட்டாயோ காசோலையோ வந்தால் பிழையென்று நினைத்துத் திருத்திவிடாதீர்கள்.

வட்டமேசை:
டாலர் வழி வேண்டாம். 1949 முதல் 1971 வரை ஒரு டாலருக்கு 625 லிரா, ரூபாய் 1966 வரை டாலருக்கு 4.76. அந்தக் கணக்கில் 4,90,000 லிரா 784 டாலர், சுமார் 3,730 ரூபாய். 1957-ல் வங்கியில் மாற்றினால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு இது விடை, வாங்கும் சக்திக்கு அல்ல. 1957-க்கும் 1970-க்கும் இடையில் இத்தாலிக்குள் விலைகள் ஒன்றரை மடங்குக்கு மேல் ஏறின. டாலர் விகிதமோ அதே 625-ல் நின்றது. 1971-க்குப் பின் நிலைமை தலைகீழ்: டாலர் 1985-ல் 2,000 லிராவை எட்டியது.

1936 தொகைகளைத் தனியாகப் பிரித்துவையுங்கள். அந்த ஆண்டு வந்த ஃபியட் தோபொலீனோ 8,900 லிரா. 1955-ல் ஃபியட் 600 வந்தது 5,90,000 லிராவுக்கு. இரண்டும் சாதாரணக் குடும்பத்தை நினைத்துச் செய்த கார்கள்தான். இடையில் ஒரு போர். 1943-ல் நேச நாட்டுப் படைகள் தங்கள் ராணுவ லிராவை டாலருக்கு 100 என்று வைத்தன. 1943 முதல் 1947 வரை ஆண்டுச் சராசரிக் குணகத்தை நம்பி ஒற்றை எண் போடாதீர்கள். ரேஷன் விலையும் கள்ளச்சந்தை விலையும் வெவ்வேறு உலகம். மூலத்தில் ரொட்டி விலையோ கூலியோ இருந்தால் அதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்.

ஏடுபுரட்டி:
நன்றி. "2015 விலைமட்டத்தில் சுமார் 6,900 யூரோ, அன்றைய தொழிலாளியின் ஓராண்டுச் சம்பளத்துக்கும் மேல்" என்று போடுகிறேன். இன்னொன்று: சிற்பி பெர்னீனி படம் போட்ட 50,000 லிரா நோட்டு இன்றும் வங்கியில் மாறுமா?

குறியீட்டெண்:
அடிக்குறிப்பு சரி. அடிப்படை ஆண்டை ஒருபோதும் விட்டுவிடாதீர்கள்.

நோட்டு மாறாது. லிராவை யூரோவாக மாற்ற 2012 பிப்ரவரி 28 வரை இருந்த கெடுவை, பிரதமர் மோந்தியின் அரசு 2011 டிசம்பர் 6-லேயே முடித்துவிட்டது. 2015-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றாலும், அந்த இடைக்காலத்தில் மாற்றக் கேட்டதற்குச் சான்று வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே இத்தாலிய மத்திய வங்கி பணம் தருகிறது. காலவரம்பின்றி மாற்றித் தருவது ஜெர்மன் மத்திய வங்கி, அதுவும் ஜெர்மன் மார்க்கை. இரண்டையும் குழப்பிக்கொண்டு லிரா நோட்டை முகமதிப்புக்கு வாங்குபவர்கள் உண்டு. சேகரிப்பவர் தரும் விலைதான் இனி அதன் விலை.