வடக்கு பார்த்த வாசலுக்கு சோலார் லைட்: உங்கள் அனுபவம் என்ன?

வடக்குவாசல், திருச்சி

எங்கள் வீடு வடக்கு பார்த்தது. கீழும் மேலுமாக, மாடிக் கைப்பிடிச் சுவரோடு சேர்த்து 22 அடி உயரம். வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் பத்தடிதான் இருக்கும். போன வருடம் வைகாசியில் கேட் தூண் இரண்டின் தலையிலும் சோலார் லைட் வாங்கி உட்கார வைத்தேன். ஆனி, ஆடி முழுக்க ராஜா மாதிரி எரிந்தது. சாயங்காலம் இருட்டியதும் தானாகப் பற்றிக்கொள்ளும். விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போதும் எரிந்துகொண்டிருக்கும். தெருவில் நாலு பேருக்கு நானே சிபாரிசு செய்தேன். அதுதான் தப்பு.

ஐப்பசியில் மழை பிடித்தது. எட்டரைக்கே மங்கிவிட்டது. சரி, மேகமூட்டம் என்று விட்டுவிட்டேன். மார்கழியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, அப்போதும் ஒன்பது மணியைத் தாண்டவில்லை. பேட்டரி போய்விட்டது என்று புதிது வாங்கிப் போட்டேன். அதில் ஏற்கெனவே இருந்த சார்ஜில் முதல் இரவு நன்றாக எரிந்தது, மூன்றாம் நாள் பழைய கதை. விற்றவரிடம் போனில் சத்தம் வேறு போட்டேன், பாவம்.

கண்டுபிடித்தது அம்மா. "கோலத்துல வச்ச பூசணிப்பூ மத்தியானம் வரைக்கும் வாடவே இல்லடா. இங்க எங்க வெயில் விழுது?" என்றார். பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தேன். வீட்டு நிழல் கேட்டைத் தாண்டி சாக்கடை வரைக்கும் நீட்டிப் படுத்திருக்கிறது.

அப்புறம்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் ஊரில் சித்திரை முதல் வாரத்திலிருந்து ஆவணி முதல் வாரம் வரை உச்சிச் சூரியன் தலைக்கு மேலேயோ, வடக்கே கொஞ்சம் தள்ளியோ போகிறது. வடக்கு வாசலுக்கு அது யோகக் காலம். மார்கழியில் தெற்கே சாய்ந்து, உச்சி வேளையிலும் 56 டிகிரி உயரத்தில்தான் நிற்கிறது. 22 அடி வீட்டுக்கு நிழல் 15 அடி. தூண் அதற்குள் மாட்டிக்கொள்கிறது. ஆக, குறை லைட்டில் இல்லை. வைகாசி வெயிலைப் பார்த்து இடம் பிடித்தேன் பாருங்கள், அதில்தான்.

வடக்கு வாசல்காரர்கள் யாராவது இதைச் சமாளித்திருக்கிறீர்களா?

மின்வேலைக்காரன், மதுரை

சார், பேனல் தனியாக, லைட் தனியாக வயரோடு வரும் மாடல் வாங்குங்கள். பேனல் மாடியில் வெயில் காயட்டும், லைட் கீழே இருக்கட்டும். பேனலைத் தெற்கு பார்த்து லேசாகச் சாய்த்தால் போதும். அந்தச் சாய்வில் மழை பெய்தால் தூசியும் கழுவிக்கொண்டு போகும். காக்கை எச்சத்தை மட்டும் ஈரத்துணியால் நீங்கள்தான் துடைக்க வேண்டும்.

இன்னொன்று. பெட்டியில் போட்டிருக்கும் வாட் கணக்கை நம்பாதீர்கள். போன மாதம் ஒரு வீட்டில் '100 வாட்' லைட்டைக் கழற்றினேன். உள்ளே இருந்தது 3.7 வோல்ட், 2000 எம்ஏஎச் (அதாவது 2 ஆம்பியர்-மணி) செல் ஒன்றே ஒன்று. பெருக்கிப் பார்த்தால் 7.4 வாட்-மணி. நிஜமாகவே 100 வாட் இழுத்தால் நாலரை நிமிடத்தில் காலியாகிவிடும். விடிய விடிய எரிகிறது என்றால் அது முக்கால் வாட் லைட்தான். அதனால் வாங்கும்போது பேனல் எவ்வளவு அகலம், பேட்டரி எத்தனை எம்ஏஎச் என்று கேளுங்கள். கூடவே லைட்டைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள். பின்னால் ஸ்க்ரூ இருந்தால் நல்லது. பசை போட்டு ஒட்டியிருந்தால் பேட்டரி செத்ததும் லைட்டும் குப்பைக்குத்தான்.

3.2 வோல்ட் என்று போட்ட லித்தியம் பாஸ்பேட் பேட்டரி கொஞ்சம் விலை கூட. ஆனால் சூட்டையும் தாங்கும், வருடமும் கூட வரும். அதற்காக 3.7 இருந்த இடத்தில் 3.2 செல்லை மாற்றிப் போட்டுவிடாதீர்கள், அந்த சர்க்யூட் அளவுக்கு மேல் சார்ஜ் ஏற்றிவிடும். மண்ணில் குத்தும் சின்ன லைட்டில் இருப்பது 1.2 வோல்ட் ரீசார்ஜ் செல். அதில் சுவர்க் கடிகாரத்துக்குப் போடும் பென்சில் செல்லைப் போட்டுவிட்டு, கசிந்து நாசமான பிறகு என்னைக் கூப்பிடுகிறவர்கள் உண்டு.

சொன்னால் சிரிப்பீர்கள். எரியவில்லை என்று கூப்பிடும் பாதி வீட்டில் அடியில் இருக்கும் சுவிட்சைப் போட்டிருக்க மாட்டார்கள். ஒரு வீட்டில் பேனல் மேல் ஒட்டிவரும் பிளாஸ்டிக் தாளையே ஆறு மாதமாகப் பிரிக்கவில்லை.

மோட்டார் ரூம் அக்கா, பொள்ளாச்சி

எங்களுடையது தோப்பு வீடு. வீட்டிலிருந்து மோட்டார் ரூமுக்கு நூறு அடி நடக்க வேண்டும். ராத்திரி மோட்டாருக்கான த்ரீ பேஸ் கரண்ட் வரும்போதுதான் வேலையே. கட்டுவிரியன் இருட்டில்தான் நடமாடும், அதனால் வழி நெடுக லைட் வைத்தோம்.

முதலில் பளீரென்ற வெள்ளை, பெட்டியில் 6500 கே (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்) என்று போட்டிருந்தது. முதல் மழைக்கே ஈசல் மொய்த்துவிட்டது. ஈசலுக்குத் தவளை வந்து உட்கார்ந்தது. தவளைக்கு யார் வருவார் என்று சொல்லத் தேவையில்லை. பாம்புக்குப் பயந்து வைத்த லைட் பாம்புக்கே பந்தி போட்ட கதை ஆகிவிட்டது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 3000 கே மஞ்சள் வெளிச்சம் போட்டோம். பூச்சி அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே குறைந்தது. முழங்கால் உயரத்துக்கு மேல் எதையும் வைக்கவில்லை. பார்க்க வேண்டியது தரையைத்தானே.

அண்ணா, ஆளைப் பார்த்து எரியும் சென்சார் லைட்டை மட்டும் நாய் வளர்ப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். எங்கள் மணி ராத்திரி நாற்பது தடவை குறுக்கே போவான், நாற்பது தடவையும் எரியும். பதினொரு மணிக்கு பேட்டரி காலி. கடைசியில் சென்சாரைக் கொஞ்சம் மேல்நோக்கித் திருப்பிவிட்டோம். மணி தப்பித்தான், பேட்டரியும் தப்பித்தது.

உப்புக்காற்று, வேதாரண்யம் பக்கம்

எங்கள் பக்கம் வெயிலுக்குக் குறைவில்லை, துருதான் எமன். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐபி65 குறி போட்டிருந்தாலும் பேட்டரி வைக்கும் ஸ்பிரிங் ஒரு வருடத்தில் பச்சை பூத்துவிடும். பல பேர் லைட்டே போய்விட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள். உப்புத்தாள் வைத்து ஸ்பிரிங்கை இரண்டு தேய் தேய்த்து, பேட்டரியைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். என்னிடம் ஆறில் நாலு பிழைத்தது.

இதையும் எழுதிவிடுகிறேன். கஜா கரையேறிய 2018 நவம்பர் 16க்கு அப்புறம் எங்கள் ஊருக்குக் கரண்ட் வர வாரக்கணக்கானது. வாசல் மண்ணில் குத்தியிருந்த சின்ன லைட்டில் ஐந்து தேறியது. பகலில் திண்ணையில் காய வைத்து, ராத்திரி ஒன்று அடுப்படிக்கு, ஒன்று பிள்ளைகள் படிக்க, ஒன்று பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்று பிரித்துக்கொண்டோம். அதற்கு முன்பு தென்னை நிழலில் அரைகுறையாகத்தான் எரியும். புயலில் கொல்லைத் தென்னை அத்தனையும் சாய்ந்த பிறகு நிழலே இல்லை. அந்த ஐந்தும் அவ்வளவு பிரகாசமாக எரிந்ததை அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை. பார்க்கப் பிடிக்கவும் இல்லை.

கிணற்றடி, யாழ்ப்பாணம்

எங்கட வளவில் நடந்த பகிடி இது. கிணற்றடிக்கு ஒரு சோலார் லைட் பூட்டினோம், ஒரு நாளும் பற்றவில்லை. பனலைத் துவாயால் மூடினால் மட்டும் பற்றும். றோட்டு லைட் வெளிச்சம் நேராகப் பனலில் விழுந்திருக்கிறது. இருட்டோ வெளிச்சமோ என்று பார்ப்பதும் அதே பனல்தானே, இன்னும் பகல் என்று நினைத்து அது சும்மா இருந்திருக்கிறது. 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். றோட்டு லைட் அணைய, எங்கட லைட் முதல் முறையாகப் பற்றியது. அதுக்குப் பிறகு அம்மா அதை 'கரண்ட் போன லைட்' என்றுதான் சொல்லுவா. அண்ணை, உங்கட கேட்டடியில் றோட்டு லைட் எங்கே நிற்கிறது என்றும் ஒருக்கால் பாருங்கோ.

வடக்குவாசல், திருச்சி

எல்லோருக்கும் நன்றி. போன ஞாயிறு வேலை முடிந்தது. பேனலை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் தெற்கு பார்த்து வைத்தோம். கூட வந்த ஐந்து மீட்டர் வயர் கேட் வரைக்கும் எட்டவில்லை. ஒட்டுப் போட மனமில்லாமல் லைட்டை சன்ஷேடுக்கு அடியிலேயே மாட்டி, முகத்தைக் கேட் பக்கம் திருப்பிவிட்டோம். மஞ்சள் வெளிச்சம்தான் வாங்கினேன் அக்கா. தெருவிளக்கு அந்த உயரத்துக்கு எட்டவில்லை, அதையும் பார்த்துவிட்டேன். நேற்று பால் பாக்கெட் எடுக்கப் போகும்போது எரிந்துகொண்டிருந்தது.

பழைய தூண் லைட் இரண்டையும் எதிர் வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அது தெற்கு பார்த்த வாசல். அங்கே விடிய விடிய எரிகிறது. எங்கள் கோலத்துக்கும் அதிலிருந்து கொஞ்சம் வெளிச்சம் வருகிறது என்கிறார் அம்மா.