புதுப்பிப்பு: பெரியப்பாவின் கணக்கும் பழைய பவர் பத்திரமும்

மறதிநோய் முற்றிய பெரியப்பாவின் வங்கிக் கணக்கிலிருந்து, அவர் நல்ல நினைவோடு இருந்தபோது எழுதிக்கொடுத்த பவர் பத்திரத்தைக் காட்டி உறவினர் ஒருவர் பணம் எடுத்துவருவதைத் தடுக்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். ரத்து செய்யும்வரை பத்திரம் செல்லும் என்றே பலர் பதிலளித்திருந்தீர்கள். வழக்கறிஞர் சொன்னது வேறு: 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்ததும் முகவரின் (பவர் பத்திரம் பெற்றவரின்) அதிகாரம் முடிந்துவிடுகிறது. நரம்பியல் மருத்துவரின் சான்றிதழை இணைத்துக் கிளை மேலாளரிடம் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையுடன் ஒப்புகை வாங்கினோம். பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். மருந்துச் செலவுக்குப் பெரியம்மாவாலும் எடுக்க முடியவில்லை. மனநோயாளியின் சொத்துக்கு மேலாளரை அமர்த்த 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இருந்த வழி, 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தபோது இல்லாமற்போனது (ஏன் விட்டார்களோ!). ஆகவே, ஆணைகள் பிறப்பிக்க உயர்நீதிமன்றங்களுக்கு அதிகாரம் தரும் அரசியலமைப்புச் சட்டப்பிரிவு 226இன்கீழ், பெரியம்மாவைப் பாதுகாவலராக நியமிக்கக் கோரி உயர்நீதிமன்றத்தில் மனு தாக்கல் செய்திருக்கிறோம். 2024இல் கோமாவில் இருந்த ஒருவரின் சொத்தை விற்க அவர் மனைவிக்குச் சென்னை உயர்நீதிமன்றம் அனுமதியளித்தபோது, 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரில் நிரந்தர வைப்பாகப் போடச் சொன்னது. அதுபோன்ற கட்டுப்பாட்டை நாங்களே கேட்டிருக்கிறோம். உறவுக்குள் நாளை யாரும் பெரியம்மாமீது விரல் நீட்டக் கூடாதல்லவா. ஏற்கெனவே எடுத்த தொகைக்குக் கணக்குக் கேட்பது, நியமனம் கிடைத்த பிறகு தனி வழக்காக வரும்.