கம்போசிட்டருக்குத் தமிழில் என்ன சொல்?

தோ பாயோவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

நன்கொடையாக வரும் பழைய மடிக்கணினிகளில் லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவித் தரும் தொண்டூழியர்களுக்காக 40 பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டிச் சமூக மன்றத்தில் நடக்கவிருக்கும் பயிலரங்கில் அதைக் கொடுக்க வேண்டும் என்பதால், வரும் வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போயாக வேண்டும். 36 பக்கங்கள் முடிந்துவிட்டன. வரைகலைச் சில்லை இயங்கவைக்கும் மென்பொருளான வரைகலை இயக்கியின் பழுதுகளைப் பற்றிய கடைசி 4 பக்கங்கள் ஒரே ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு நிற்கின்றன.

இன்றைய மேசைத்தளங்களில் எந்த நிரலும் தன் சாளரத்தை நேரே திரையில் வரைவதில்லை. நினைவகத்தில் தனிப் படமாக வரைந்து வைக்கிறது. அந்தப் படங்களையெல்லாம் எடுத்து, எது மேலே எது கீழே என்று பார்த்து, நிழலும் மங்கலும் சேர்த்து, ஒரே படமாக்கித் திரைக்கு அனுப்பும் மென்பொருளைக் கம்போசிட்டர் என்கிறார்கள். நான் தமிழாக்க வேண்டிய வாக்கியம் இது: “சாளரங்களின் நிழல் கறுப்புக் கட்டங்களாகத் தெரிந்தாலோ, சாளரத்தை இழுக்கும்போது படம் சிதறினாலோ, கம்போசிட்டரை நிறுத்திப் பாருங்கள், சிதறல் நின்றால் ஐயம் வரைகலை இயக்கியின்மேல் விழுகிறது.” முதல் வரைவில் “திரை விளைவுகளை நிறுத்துங்கள்” என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்த நண்பர் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். நல்ல சொல் ஒன்று தந்து உதவுங்கள்.

ஈசூனிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அன்புடையீர், சொல் நம் கையிலேயே இருக்கிறது. யாத்தல் என்றால் கட்டுதல். எழுத்தும் அசையும் சீரும் தளையும் அடியும் தொடையும் தனித்தனியே கிடக்கும்வரை அவை உறுப்புகள். கட்டப்பட்ட பிறகே செய்யுள். அதனால்தான் அந்த இலக்கணத்துக்கு யாப்பு என்று பெயர். உடம்பை யாக்கை என்பதும் இந்த வேரிலிருந்துதான். தனித்தனிப் படங்களைக் கட்டி ஒரு திரையாக்கும் கருவிக்கு ‘யாப்பி’ என்பதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? மண்வெட்டி, பாக்குவெட்டி, தேங்காய்த்துருவி ஆகியவற்றில் வரும் அதே இகர விகுதிதான் இதிலும் வருகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ‘இயக்கி’ என்ற சொல்லை நீங்கள் எல்லாரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டுவிட்டீர்கள். சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், பூங்கண் இயக்கி என்ற பெண்தெய்வத்துக்குப் பால்மடை கொடுத்துத் திரும்பும் வழியில்தான் மாதரி கவுந்தியடிகளைக் காண்கிறாள். அந்த இயக்கிதான் எங்கள் நாஞ்சில் நாட்டில் இசக்கியம்மனாக நிற்கிறாள் என்பர். உங்கள் கையேடு “இயக்கியை நிறுவுக” என்று சொல்லும்போது எனக்குப் பீடமும் மஞ்சள்பூச்சும் நினைவுக்கு வருகின்றன; “இயக்கியை அகற்றுக” என்ற வரியைப் படிக்கும்போது சற்று அச்சமாகவே இருக்கிறது.

ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து, கணினிப் பராமரிப்பாளர்

ஐயாவுக்கு வணக்கம். இயக்கி கணித்தமிழில் வேரூன்றிவிட்டது, அம்மன் பொறுத்துக்கொள்வாள். நான் ‘திரை விளைவுகள்’ பற்றிப் பேச வந்தேன், ஏனெனில் மெய்ப்பில் சிவப்பு மை போட்டவன் நான்தான்.

2006ஆம் ஆண்டு காம்பிஸ் என்ற கம்போசிட்டர் வெளிவந்தபோது, தளதளவென்று ஆடும் சாளரங்களையும் சுழலும் கனசதுரத்தையும் பார்த்துத்தான் நம்மில் பலர் லினக்ஸுக்கு வந்தோம். அன்றைக்கு விளைவும் கம்போசிட்டரும் ஒன்றாகவே தெரிந்தன. ஆனால் விளைவு என்பது கறிக்கு மேலே தூவும் கொத்தமல்லி, கம்போசிட்டர் சமையற்காரர். ஆட்டத்தையும் நிழலையும் மங்கலையும் முழுக்க நிறுத்திய பின்னும் அவர் அடுப்படியில் நின்றுகொண்டுதான் இருப்பார். எக்ஸ்எஃப்சிஇ மேசைத்தளத்தில் ஒரு கட்டத்தில் குறியை எடுத்தால் அவரை வெளியே அனுப்பிவிடலாம். எக்ஸ்11 என்ற பழைய காட்சி முறையில் ஓடிய கேடிஇ மேசைத்தளத்தில் ஆல்ட், ஷிஃப்ட், எஃப்12 ஆகிய மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் போதும். குனோம் மேசைத்தளத்தின் கம்போசிட்டரான மட்டரில் அப்படியொரு பொத்தானே கிடையாது. எக்ஸ்11க்குப் பின் வந்த வேலண்ட் முறையிலோ, கம்போசிட்டரே காட்சி வழங்கி, அதாவது திரைக்காட்சி முழுவதற்கும் பொறுப்பான நிரல். அதை நிறுத்தினால் திரையே இல்லை. ஆகவே கையேட்டில் செய்பவருக்கு ஒரு சொல்லும் செய்யப்படுவதற்கு இன்னொரு சொல்லும் கட்டாயம் வேண்டும்.

இவை இரண்டும் குழம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சான்று. சென்ற மாதம் ஒரு தொண்டூழியர், சாளரத்தை நகர்த்தினால் நத்தைபோல் வருகிறது என்று ஒரு மடிக்கணினியைக் கொண்டுவந்தார். ‘விளைவுகளை நிறுத்து’ என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் விளைவுகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்திருக்கிறார். வரைபவரின் பெயரைக் காட்டும் கட்டளையை ஓட்டினேன். வரைகலைச் சில்லின் பெயர் வரவேண்டிய இடத்தில் ‘எல்எல்விஎம்பைப்’ என்று வந்தது. அதாவது சில்லு சும்மா இருக்க, மையச் செயலியே ஒவ்வொரு புள்ளியையும் வரைந்துகொண்டிருந்தது. விசிறி இரைந்த இரைச்சலுக்கும் அதுவே காரணம். இயங்குதளத்தின் உட்கருவான கருனி புதுப்பிக்கப்பட்டபோது, இயக்கியைக் கட்டத் தேவையான அதன் தலைப்புக் கோப்புகள் கூடவே வராததால், தனியுரிமை இயக்கியின் கூறு புதிய கருனிக்கு மறுபடி கட்டப்படவில்லை. தலைப்புக் கோப்புகளை நிறுவிக் கட்டினோம். கையொப்பம் இல்லாத கூறு என்று, ‘பாதுகாப்பான தொடக்கம்’ எனும் கணினியின் காவல் வசதி அதை ஏற்க மறுத்தது. அந்தக் கையொப்பத்தையும் பதிந்து முடிக்கும்போது இரவு பத்து மணி. ஒரு சொல் சரியாக இருந்திருந்தால் அவர் முதலிலேயே இயக்கியின் பக்கம் திரும்பியிருப்பார்.

என் பரிந்துரை ‘திரைக்கோப்பி’. என் தந்தையார் சிராங்கூன் சாலையில் ஓர் அச்சகத்தில் அச்சுக்கோப்பவராக இருந்தார். அறைப்பெட்டியிலிருந்து ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, கைச்சட்டத்தில் தலைகீழாக அடுக்கி, வரி நிரம்பியதும் கட்டைவிரலால் அழுத்தி நிறுத்துவார். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டாலும் அந்த விரலின் கருமை போகாது. அந்த வேலைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயரோ அதே பெயரைத்தான் இந்த மென்பொருளுக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் கோத்தல் என்ற வினை அப்போதே இருந்தது. நாம் அதைத் தொடர்ந்தால் போதும்.

பிடோக்கிலிருந்து

மேற்கண்ட மடலைப் படித்து நெகிழ்ந்தேன். ஆயினும் காப்பியைக் கோப்பி என்னும் சிங்கப்பூரில் அச்சாகும் கையேட்டில் “திரைக்கோப்பியை நிறுத்துங்கள்” என்று போட்டால், கோப்பிக்கடையில் கோப்பி ஓ சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கும் தொண்டூழியர் என்ன நினைப்பார்? தவிர, கோப்பு என்ற சொல் ஏற்கெனவே கணினியில் வேறு வேலையில் இருக்கிறது. கோத்தல் என்று பிழையின்றி எழுதியதற்கு நன்றி. கோர்த்தல், கோர்வை என்று எழுதுவோர் பெருகிவிட்ட காலத்தில் இதுவே ஆறுதல்.

உட்லண்ட்ஸிலிருந்து, உயர்நிலைப்பள்ளித் தமிழாசிரியை

இத்தனை மடல்களிலும் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. கம்போசிட்டர் என்றே எழுதினால் என்ன? அச்சகங்களில் கம்பாசிட்டர் என்றுதானே நெடுங்காலம் வழங்கினார்கள்? வடசொல்லை வடவெழுத்து நீக்கித் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ள எச்சவியலிலேயே தொல்காப்பியர் இடம் தந்திருக்கிறார். தொண்டூழியர் பழுதைத் தீர்க்கத் தேடும்போது ஆங்கிலச் சொல்லைத்தான் தட்டப்போகிறார். அதே சமயம், நம் அடுக்குமாடி வீடுகளில் லிஃப்ட் என்று பேசிக்கொண்டே மின்தூக்கி என்று எழுதியிருப்பதைத் தடுமாறாமல் படிக்கிறோம் என்பதையும் மறுக்கவில்லை.

முடிவு காண நேற்று என் உயர்நிலை மூன்று வகுப்பில் விளக்கம் எதுவும் தராமல் சொற்களை மட்டும் பலகையில் எழுதி, இந்தக் கருவி என்ன செய்யும் என்று கேட்டேன். யாப்பி என்றதும், “கைப்பேசியில் போடும் ஆப்பா, டீச்சர்?” என்றாள் ஒருத்தி. திரைக்கோப்பிக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அடங்கிய பின் ஒரு மாணவர், கோப்புகளைத் திரையில் திறந்து காட்டுவது என்றார். ‘சாளரத் தொகுப்பி’ என்று எழுதியபோது மட்டும், “சாளரங்களைச் சேர்த்து வைப்பது” என்று பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. அதிலும் பாதிப் பேருக்குச் சாளரம் என்றால் கணினிச் சாளரம் என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

தோ பாயோவிலிருந்து, மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் நன்றி. இன்று வியாழக்கிழமை. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்து, சாளரத் தொகுப்பிக்கு 6 பேர், யாப்பிக்கு 2 பேர், திரைக்கோப்பிக்கு அதை முன்மொழிந்தவர் மட்டும் ஆதரவு தந்திருக்கிறார்கள். தொகுப்பி என்பதைச் சிலர் உரையைத் திருத்தும் கருவிக்கும், சிலர் நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கருவிக்கும் எடுத்தாள்கிறார்கள் என்பதை அறிவேன். சாளரம் என்ற முன்னொட்டு அந்தக் குழப்பத்தை ஓரளவு தடுக்கும் என்று நம்பி அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் இடத்தில் “கம்போசிட்டர் எனப்படும் சாளரத் தொகுப்பி” என்றும், பின்னர் தமிழ்ச் சொல்லை மட்டும் தனித்தும் எழுதியிருக்கிறேன். படம் குறுக்கே வெட்டுப்பட்டுத் தெரிவதற்குத் திரைக்கிழிவு என்று போட்டிருப்பதை எவரும் எதிர்க்கவில்லை, அதுவரை மகிழ்ச்சி.

ஈசூனிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பெரும்பான்மைக்குத் தலைவணங்குகிறேன், ஆனால் என் மறுப்பைக் குழுமத்தின் ஆவணத்தில் பதிந்து வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொகுப்பது ஒன்று, யாப்பது வேறு. பூக்களைக் கூடையில் போட்டாலும் தொகுத்ததுதான், மாலையாகாது.

நிற்க. நீங்கள் அனுப்பிய வரைவின் 37ஆம் பக்கத்தைப் பார்த்து, என் பழைய மடிக்கணினியில் யாப்பியை நிறுத்தினேன். நிழல்களில் இருந்த கறுப்புக் கட்டங்கள் மறைந்துவிட்டன. அப்படியானால் ஐயம் இயக்கியின்மேல் என்கிறது கையேடு. அவளிடம் கை வைக்க எனக்குத் துணிவில்லை. ஜூரோங் ஈஸ்ட் நண்பர் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வர இயலுமா?