பல்ஸ் 34, மயக்கம், பல்ஸை ஏற்றும் அட்ரோபினுக்கும் அசையவில்லை

இரவுப்பணி:
68 வயது அம்மா, பாத்ரூம் வாசலில் மயங்கி விழுந்தார். நெஞ்சுவலி, வலிப்பு இல்லை. பல்ஸ் 34, பிபி 80/50, சுகர் 168. இசிஜியில் பி அலையே இல்லை, ஜங்ஷனல் ரிதம் (துடிப்பு மேலறையில் தொடங்காமல் இதயத்தின் நடுச் சந்திப்பிலிருந்து வருகிறது). பொட்டாசியம் ஏறினால் கூராக வேண்டிய டி அலையும் கூராக இல்லை. அட்ரோபின் 1 மி.கி. மூன்று முறை போட்டாச்சு. பொட்டாசியம் 6.3, கிரியாட்டினின் (கிட்னி அளவு) 2.8, இரண்டும் அதிகம். பிபிக்கு அட்டெனொலால் 50 (பல்ஸையும் குறைக்கும்), டெல்மிசார்ட்டான் 40. 3 நாளாக வயிற்றுப்போக்கு. வெறும் 6.3-க்கு பல்ஸ் இவ்வளவு இறங்குமா? பேஸிங்குக்கு (மின்தூண்டலில் இதயத்தைத் துடிக்கவைக்க) அனுப்பவா?

கேத்லேப்:
6.3 மட்டும் இறக்காது. அட்டெனொலால் 50-ம் தனியாக இறக்காது. இரண்டும் சேர்ந்ததுதான் வினை. இது பிராஷ் (BRASH) சிண்ட்ரோம்: பல்ஸ் இறக்கம், கிட்னி செயலிழப்பு, பல்ஸைக் குறைக்கும் மருந்து, ஷாக், பொட்டாசியம் ஏற்றம் ஐந்தும் ஒன்றையொன்று வளர்ப்பது. நீர் வற்றி கிட்னி சுணங்குகிறது. அட்டெனொலால் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும், உள்ளேயே தேங்குகிறது. பொட்டாசியமும் தேங்குகிறது. பல்ஸ் இறங்கினால் கிட்னிக்கு ரத்தம் இன்னும் குறையும். சுற்று அப்படியே இறுகும். டி அலை கூராக இல்லை என்பதால் பொட்டாசியத்தை விட்டுவிடாதீர்கள், இங்கே ஏமாற்றுவதே அதுதான்.

ஐசியு_மணி:
ஆம்புலன்ஸுக்கு முன்னால், பொட்டாசியத்திடமிருந்து இதயத்தைக் காக்கக் கால்சியம். குளுக்கோனேட் 10%, 30 மில்லி, 10 நிமிடத்தில், நல்ல நரம்பில். பைகார்பனேட் ஓடும் லைனில் போட்டால் வெள்ளையாகக் கட்டிக்கொள்ளும். பலன் 30-60 நிமிடம்தான், தேவைப்பட்டால் திரும்பப் போடணும்.

பிறகு பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள ரெகுலர் இன்சுலின் 5 யூனிட், கூடவே 25% டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லி. கிட்னி கெட்டவருக்கு 10 யூனிட் போட்டால் சுகர் சரியும் ஆபத்து அதிகம்; எதுவானாலும் 6 மணி நேரம் மணிக்கொரு தரம் குத்திப் பாருங்கள். சால்பியூட்டமால் 2.5 மி.கி. ரெஸ்பியூல் நாலு, நெபுலைசரில். பல்ஸ் இன்னும் ஏறலையா, அட்ரினலின் நிமிடத்துக்கு 2-10 மைக்ரோகிராம்: பல்ஸை ஏற்றும், பொட்டாசியத்தையும் செல்லுக்குள் தள்ளும்.

நுரையீரலில் நீர் இல்லையென்றால் ரிங்கர் லாக்டேட் தாராளமாக ஓடட்டும். அதில் லிட்டருக்கு 4 பொட்டாசியம் இருக்கிறதே என்று சலைன் லிட்டர் கணக்கில் ஏற்றினால் அமிலம்தான் கூடும். பேஸிங் பெரும்பாலும் தேவைப்படாது.

கேத்லேப்:
டிகாக்ஸின் (இதய) மாத்திரை, அரளி விதை இரண்டையும் கேட்டுவிடுங்கள், இசிஜி இதே மாதிரி வரும். அரளியை வீட்டார் முன்னால் கேட்டால் பதில் வராது. பேதிக்கு எத்தனை இளநீர் கொடுத்தார்கள் என்றும் கேளுங்கள், அது முழுக்கப் பொட்டாசியம்.

இரவுப்பணி:
கால்சியம் முடியும்போதே பல்ஸ் 52, பி அலை வந்துவிட்டது. நாளுக்கு நாலு இளநீராம். டிஸ்சார்ஜில் அட்டெனொலாலைத் தொடரலாமா?

ஐசியு_மணி:
வேண்டாம், பிபிக்கு அம்லோடிபின் போதும். டெல்மிசார்ட்டான் கிரியாட்டினின் பழைய அளவுக்கு வந்தபின். பேதி, வாந்தி வந்தால் அன்றே டெல்மிசார்ட்டானை நிறுத்தச் சொல்லி மருந்துச் சீட்டிலேயே தமிழில் எழுதிக்கொடுங்கள்.