அக்கா மகளுக்கு சிடிகேஎல்5: சேர்த்த பணத்தைச் சிகிச்சைக்குக் கொடுப்பதா, ஆராய்ச்சிக்குக் கொடுப்பதா?

மழைத்துளி:

எல்லாருக்கும் வணக்கம். என் அக்கா மகளுக்கு இப்போ ரெண்டரை வயசு. கைக்குழந்தையா இருக்கும்போதே வலிப்பு ஆரம்பிச்சுடுச்சு. மருந்தை மாத்தி மாத்திக் குடுத்தும் முழுசா நிக்கல. மரபணு சோதனையில சிடிகேஎல்5ங்கிற மரபணுவுல குறைபாடுன்னு வந்திருக்கு. தலை இன்னும் சரியா நிக்கல, பேச்சு இல்ல. கண்ணுல ஒரு கோளாறும் இல்லைன்னு கண் டாக்டர் சொல்றார், ஆனா எங்க முகத்தைப் பார்க்க மாட்டேங்குறா. பாட்டு கேட்டா மட்டும் காலை உதைச்சு ஆடுவா.

சொந்தக்காரங்களும் என் கூட வேலை பார்க்கிறவங்களும் சேர்ந்து ஒரு தொகை திரட்டியிருக்கோம். அதை என்ன பண்றதுன்னுதான் வீட்டுல ஒரே வாக்குவாதம். பிசியோதெரபிக்கே வைக்கணும்னு அம்மா. இந்த நோய்க்கு மருந்து கண்டுபிடிக்கிறவங்களுக்குக் கொடுக்கணும்னு நான். ஸ்டெம் செல் ஊசி போட்டா சரியாகும்னு ஒரு சொந்தக்காரர் ஓர் இடத்துக்குக் கூப்பிடுறார்.

இன்னொண்ணு. இந்த நோய் உள்ள குழந்தைங்களோட விவரத்தைச் சேர்க்கிற பதிவேட்டுல பாப்பாவைச் சேர்க்கலாமான்னு நரம்பியல் டாக்டர் கேட்டார். "என் பொண்ணு ஆராய்ச்சிப் பொருள் இல்லை"ன்னு அத்தான் எழுந்து வந்துட்டார். அவர் சொல்றது சரியா?

கடைசியா, அக்காவுக்கு நான் என்ன செய்யலாம்? அவ தூங்கியே பார்த்ததில்லை.

கார்முகில்:

ஸ்டெம் செல்லுக்கு மட்டும் பதில் சொல்றேன். வேண்டவே வேண்டாம். இந்த மாதிரி மரபணு வலிப்பு நோய்க்கு அது பலன் தரும்னு இதுவரை நிரூபிக்கப்படல. உண்மையான மருந்துப் பரிசோதனைன்னா எந்தப் பதிவுத் தளத்துல என்ன எண்ணுல பதிவாகியிருக்கு, எந்த நெறிமுறைக் குழு அனுமதி குடுத்துது, இதெல்லாம் எழுத்துல இருக்கும். "இது ஆராய்ச்சி, ஆனா பெரிய தொகை நீங்க கட்டணும்"னு ஒருத்தர் சொன்னா அங்கேயே எழுந்துடுங்க. எங்க குடும்பத்துல ஒரு குழந்தைக்கு இப்படி ஒரு இடத்துல பணத்தைக் கொட்டினாங்க. ஊசிக்குப் பிறகு வந்த காய்ச்சலைப் பத்திக் கேட்க போன் பண்ணினா எடுக்க ஆளில்லை.

கீழைக்காற்று:

மழைத்துளி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்மா. எனக்கு அதுதான் முதல் கேள்வி. என் மகனுக்கு ஐந்து மாதத்தில் வலிப்பு வந்தது. இப்போது அவன் என்னைவிட உயரம். இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த உதவிகளில் எது பெரியது என்று கேட்டால், என் நாத்தனார் அவசர மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டதைத்தான் சொல்வேன்.

உங்கள் அக்கா ஏன் தூங்குவதில்லை? வலிப்பு வந்தால் என்ன செய்வது என்று அந்த வீட்டில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அவள் கண்ணை மூடினால் காவலுக்கு ஆள் இல்லை. நீங்கள் அந்த இரண்டாவது ஆளாகுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த அவசரத் திட்டம் இருக்கும், அதை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பாப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைப்பது, வாய்க்குள் எதையும் திணிக்காமல் இருப்பது, உடனே கடிகாரத்தைப் பார்ப்பது. ஐந்து நிமிடத்தில் நிற்காவிட்டால், அல்லது டாக்டர் அவளுக்கென்று குறித்துக் கொடுத்த நேரத்தில், மருந்து. மிடசோலம் கன்னத்தில் விடும் வகை என்றால் ஊசி இல்லாத சிரிஞ்சின் முனையைக் கீழ் ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும், முடிந்தால் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். பற்கள் இறுகியிருந்தாலும் கன்னத்துக்குள் இடம் இருக்கும். கொடுத்த நேரத்தைக் குறித்துவிட்டு மூச்சைக் கவனிக்க வேண்டும். மூச்சு திணறினாலோ மருந்துக்கும் நிற்காவிட்டாலோ ஆம்புலன்ஸ். என் நாத்தனார் இதை வெறும் தண்ணீரை வைத்து நர்ஸ் முன்னால் செய்து காட்டினாள். "இனி ராத்திரி நான் பார்த்துக்கிறேன், அண்ணி. நீங்க அந்த ரூமுக்குப் போங்க" என்றாள். விடியும் வரை தூங்கினேன்.

பாப்பா முகத்தைப் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தீர்கள். சிடிகேஎல்5 குழந்தைகள் நிறையப் பேருக்குக் கண் நன்றாக இருக்கும், கண் அனுப்புவதை மூளை படித்துக்கொள்வதுதான் சிரமம். டாக்டரிடம் இதைக் குறிப்பாகக் கேளுங்கள். அப்படித்தான் என்றால், வெறும் கறுப்புத் துணி முன்னால் சிவப்போ மஞ்சளோ ஒரே ஒரு பொருளை வையுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். பொருளை மெல்ல அசைத்துவிட்டுப் பொறுமையாக இருங்கள். சில குழந்தைகள் ஒரு நொடி பார்த்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டுவார்கள். அதை அலட்சியம் என்று நினைத்துப் பொருளை எடுத்துவிடக் கூடாது.

இனி அத்தானின் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். அவர் மகளை அவர் காப்பாற்ற நினைக்கிறார். ஆனால் பதிவேடு என்பது மருந்துப் பரிசோதனை இல்லை, இதில் அவளுக்கு யாரும் எந்த மருந்தும் கொடுக்கப்போவதில்லை. எப்போது வலிப்பு தொடங்கியது, எந்த மருந்துக்கு எப்படி இருந்தாள், தலை எப்போது நின்றது, தூக்கம் எப்படி, மரபணுவில் மாற்றம் எந்த இடத்தில், இவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்து வைப்பதுதான்.

அதனால் என்ன ஆகிவிடும் என்று அவர் கேட்பார். பேட்டன் என்ற மூளை நோயில் சிஎல்என்2 என்று ஒரு வகை இருக்கிறது. ஓடியாடிய குழந்தைக்கு மூன்று வயதுவாக்கில் வலிப்பு வரும், பிறகு பேச்சும் நடையும் ஒவ்வொன்றாகப் போகும். குறைந்துபோன நொதியை நேராக மூளையின் நீர் அறைக்குள் செலுத்தும் மருந்து ஒன்றை 24 குழந்தைகளிடம் சோதித்தார்கள். ஒப்பிடுவதற்காக வேறு சில குழந்தைகளின் தலையைத் துளைத்து வெறும் திரவத்தைச் செலுத்த யாருக்காவது மனம் வருமா? வரவில்லை, தேவையும் படவில்லை. மருந்து கிடைக்காத காலத்தில் இதே நோயோடு வளர்ந்த 42 குழந்தைகளின் விவரங்கள் ஒரு பதிவேட்டில் இருந்தன. பேச்சுக்கும் நடைக்கும் சேர்த்து ஆறு மதிப்பெண். அந்த 42 பேரும் 48 வாரத்துக்குச் சராசரியாக இரண்டு மதிப்பெண்ணுக்கு மேல் இழந்திருந்தார்கள். மருந்து பெற்றவர்கள் இழந்தது 0.27. 2017ல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அந்த 42 குழந்தைகளின் அப்பா அம்மாவும் தங்களுக்கு ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்தேதான் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருப்பார்கள். அவர்களை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும்.

என் மகனுக்கு வந்தது வெஸ்ட் சிண்ட்ரோம் என்ற வலிப்பு நோய். அந்தப் பெயரே ஒரு தகப்பனின் பெயர்தான். வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் ஆங்கிலேய மருத்துவர். 1841ல் லான்செட் இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். நோயாளி அவருடைய சொந்தக் கைக்குழந்தை. தலை முன்னால் லேசாகக் குனிகிறது, பிறகு உடம்பே முழங்கால் வரை மடிகிறது, சில நொடிக்கு ஒரு முறை, பத்து இருபது தடவை தொடர்கிறது என்று பார்த்தபடியே எழுதி, இதைப் பற்றி யாருக்காவது ஏதாவது தெரியுமா என்று கேட்டார். அவர் பிள்ளைக்கு அது உதவவில்லை. ஆனால் என் மகன் தூங்கி எழுந்ததும் குனிந்து குனிந்து நிமிர்ந்ததை நான் போனில் வீடியோ எடுத்துக் காட்டியபோது, டாக்டர் பார்த்த மாத்திரத்தில் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுக்கச் சொன்னார். இந்த நோயில் சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவுக்குப் பிள்ளையின் வளர்ச்சிக்கு நல்லது.

சிடிகேஎல்5-ஐப் பொறுத்தவரை, இந்த மரபணுவுக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு தெளிவானது 2004ஐ ஒட்டித்தான். அதன் பிறகும் சில ஆண்டுகள், ரெட் என்ற வேறொரு மரபணு நோயின் ஒரு வகை என்றே இந்தக் குழந்தைகளைச் சேர்த்து எண்ணினார்கள். 2020ல்தான் அமெரிக்க மருத்துவமனைகள் பயன்படுத்தும் ஐசிடி-10 என்ற நோய்க் குறியீட்டுப் பட்டியலில் இதற்குத் தனிக் குறியீடு வந்தது. 2022ல் கானாக்ஸோலோன் என்ற மருந்துக்கு அங்கே அனுமதி கிடைத்தது, இந்த நோயின் வலிப்புக்கென்றே வந்த முதல் மருந்து. 101 பேரிடம் சோதித்தார்கள். மருந்து எடுத்தவர்களுக்குப் பெரிய வலிப்புகள் 30 சதவீதம் அளவுக்குக் குறைந்தன, வெறும் திரவம் எடுத்தவர்களுக்கு 7 சதவீதம். இது குணமாக்கும் மருந்து இல்லை. ஆனால் ஒரு நாளில் மூன்று வலிப்பு இரண்டாகக் குறைந்தால் அந்த வீடு எப்படி மாறும் என்று உங்கள் அக்காவுக்குத் தெரியும். டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள்.

பணத்துக்கு என் கருத்து: பெரும்பங்கு பாப்பாவுக்கு. அதிலும் தெரபி கட்டணத்துக்கு முன்னால், அவள் உடம்புக்கு அளவெடுத்துச் செய்த நாற்காலியும் நிற்க வைக்கும் சட்டகமும். நிற்காத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகும், முதுகு வளையும், வலி வரும் வரை நமக்குத் தெரியாது. அப்புறம் இரவில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். மிச்சத்தை ஆராய்ச்சிக்குக் கொடுங்கள், ஆனால் பெரிய பொதுநிதியில் போட வேண்டாம். இந்த நோய்க்கென்றே குடும்பங்கள் நடத்தும் அமைப்பாகப் பாருங்கள். பதிவேட்டை நடத்துவது, வெகு தூரத்திலிருந்து ஆய்வுக்கு வரும் குடும்பத்தின் பயணச் செலவு, ஓர் இளம் ஆய்வாளரின் முதல் வருடம், இந்த மாதிரி வேலைகளில்தான் சின்னத் தொகை முழுசாகப் பயன்படும். ஆண்டறிக்கை கேளுங்கள். தராதவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.

வெண்பனி:

குழந்தைகள் நரம்பியல் ஆய்வுப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவது என் அன்றாட வேலை.

கீழைக்காற்று அம்மா சொன்னதோடு சில விஷயங்கள். பதிவேட்டில் பெயருக்குப் பதிலாக ஓர் எண் இருக்கும். எந்தப் பெயர் எந்த எண் என்ற பட்டியல் தனியே பூட்டில் இருக்க வேண்டும், யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். விவரங்கள் வேறு நாட்டு ஆய்வாளர்களுக்கோ மருந்து நிறுவனங்களுக்கோ போகுமா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். வீடியோவுக்கும் ரத்த மாதிரிக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேட்கிறார்களா பாருங்கள், ஒன்றுக்குச் சரி, இன்னொன்றுக்கு வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் பாப்பாவின் சிகிச்சை துளியும் பாதிக்கப்படக் கூடாது. இது இல்லாத படிவம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் அத்தானைப் போலக் கேள்வி கேட்கும் அப்பாக்கள்தான் எங்களுக்கு வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுபவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

மழைத்துளி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதை அப்படியே அக்காவுக்கும் அத்தானுக்கும் படிச்சுக் காட்டினேன். சிஎல்என்2 பத்தின இடத்துல அத்தான் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்புறம் ஒண்ணு கேட்டார்: "இதனால நம்ம பாப்பாவுக்கு என்ன கிடைக்கும்? நேரா பதில் சொல்லச் சொல்லு." அவசர மருந்து கத்துக்க நாளைக்கு அக்காகூட நானும் ஆஸ்பத்திரிக்குப் போறேன்.

கீழைக்காற்று:

நேராகவே சொல்கிறேன். ஒன்றுமே கிடைக்காமல் போகலாம். அந்த எண்ணத்தோடு சேர்ந்தால்தான் பின்னால் ஏமாற்றம் இருக்காது. கிடைத்தால், புதிய மருந்துப் பரிசோதனை தொடங்கும்போது உங்களைத் தேடி வந்து சொல்வார்கள். அப்போதும் சேர்வதா வேண்டாமா என்பது புதுக் கேள்வி, புதுப் படிவம். இன்னொரு பலனை நான் அனுபவத்தில் கண்டேன். என் மகனை ஆய்வில் சேர்த்த பிறகு வருடாவருடம் யாரோ ஒருவர் உட்கார்ந்து அவன் தூக்கம், வயிறு, எலும்பு, பார்வை என்று வரிசையாகக் கேட்டார்கள். அவசரமான ஓபி நேரத்தில் அதெல்லாம் கேட்க யாருக்கு நேரம்? அப்படிக் கேட்டபோதுதான் அவன் எலும்புகள் பலவீனமாக இருப்பது தெரிந்து மருந்து தொடங்கினோம்.

அத்தானை அவசரப்படுத்த வேண்டாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்து வரச் சொல்லுங்கள், கொடுப்பார்கள். வெண்பனி சொன்ன கேள்விகளை அவர் கையாலேயே ஓரத்தில் எழுதட்டும், அடுத்த முறை டாக்டரிடம் அவரே கேட்கட்டும். அவர் வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வலிப்புக் குறிப்பேட்டை நிறுத்தாதீர்கள். தேதி, நேரம், எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தக் கை எந்தக் கால், அதற்கு முன் காய்ச்சலா தூக்கக் குறைவா, மருந்து எப்போது மாற்றியது. அவர் மனம் மாறினால் பின்னாலும் அது உதவும், மாறாவிட்டாலும் அடுத்த மருந்தைத் தீர்மானிக்க டாக்டருக்கு உதவும்.

நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும்போது சிரிஞ்சை நீங்கள் பிடித்து, நர்ஸ் பார்க்கச் செய்து காட்டுங்கள். அக்கா செய்வதைப் பார்த்துவிட்டு மட்டும் வந்துவிடாதீர்கள்.